பினாங்குத் தீவு: சாப்பாடு, இரவு, ஊர் சுற்றல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவில் யாராவது மலேசியாவின் பினாங்குக்குக் கிளம்பினால் எனக்குத்தான் போன் வருகிறது. மூன்று முறை போய்வந்தவன், மூன்று முறையும் எடை கூடித் திரும்பியவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

தீவு என்கிறீர்களே, கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம். ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் போகாதீர்கள். வடகரையில் பத்து ஃபெரிங்கி என்ற இடத்தில் நீண்ட மணற்கரையும் அதையொட்டி வரிசையாக விடுதிகளும் இருக்கின்றன. மாலையில் காற்று வாங்க நல்ல இடம். தண்ணீர்தான் கலங்கல், மலாக்கா நீரிணையின் தண்ணீர் அப்படித்தான். நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனும் சில காலங்களில் கரையொதுங்கும். அடிமணல் தெரியும் நீல நீர் வேண்டுமென்றால் அதே நாட்டின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் இருக்கின்றன. பினாங்கு வயிற்றுக்கும் காலுக்கும் ஏற்ற தீவு. சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், மறுபடி சாப்பிட வேண்டும்.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 முடியும் வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. பயணத்துக்கு மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளத்தில் நிரப்பிக்கொண்டிருந்தால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. கோலாலம்பூர் வழியாக வருபவர்கள் ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கிருந்து படகில் ஏறித் தீவுக்குள் போகலாம். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும் 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலமும் இருக்கின்றன என்றாலும், முதல் முறை போகிறவர்களுக்குப் படகையே சொல்வேன். ஜார்ஜ் டவுன் நகரம் மெல்லப் பெரிதாகி எதிரே வந்து நிற்கும். கட்டணம் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். திரும்பி வரும்போது யாரும் கேட்பதில்லை.

எங்கே தங்குவது?

ஜார்ஜ் டவுனில். சூலியா தெரு, லவ் லேன், லிட்டில் இந்தியாவைச் சுற்றிய தெருக்கள் எதுவானாலும் சரி. பத்து ஃபெரிங்கியில் அறை எடுத்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வண்டியில் போக வேண்டியிருக்கும். நான் முதல் முறை அந்தத் தவற்றைச் செய்தேன். கடல் பார்த்த அறை. வந்த நாளும் கிளம்பிய நாளும் தவிர அந்தக் கடலை நான் பார்க்கவே இல்லை. அறை வாடகையோடு வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு. பழைய வீடுகளை மாற்றிய விடுதி என்றால் மாடிப்படி எப்படி என்று முன்பே கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஏணிதான்.

என்ன சாப்பிட வேண்டும்? ஒரு பட்டியல் கொடுங்கள்.

பட்டியல் எங்கும் கிடைக்கும். பட்டியலோடு போய் ஏமாந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பினாங்கில் என்ன என்பதைவிட எப்போது என்பது முக்கியம். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்தக் கடைக்காரர் வாழ்நாள் முழுக்க அந்த ஒன்றைத்தான் செய்வார், தன் நேரத்தில் செய்வார், தீர்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார். வாராந்தர விடுமுறையும் ஆளுக்கொரு நாள். ஆகவே வயிற்றைக் கடிகாரத்தோடு கட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் ரொட்டி சானாய். டிரான்ஸ்ஃபர் ரோட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம் பரோட்டாவின் மலேசியத் தம்பியைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடலாம். புலாவ் திக்குஸ் பக்கம் போனால் அப்பம் கிடைக்கும். பெயரும் அதுதான், அபோம். நம் ஊரிலிருந்து போனது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நடுப்பகலில் ஆசாம் லக்சா. மலாயில் ஆசாம் என்றால் புளிப்பு. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்த குழம்பில் பருமனான அரிசி நூடுல்ஸைப் போட்டு, மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா, வெங்காயம், இஞ்சிப்பூ என்று தூவி, ஓரத்தில் ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுதை வைத்துத் தருவார்கள். தேங்காய்ப்பால் கிடையாது. அந்த இறால் விழுதின் வாசம் முதல் நொடியில் மூக்கைச் சுளிக்க வைக்கும். கலக்கிவிட்டு மூன்றாவது வாய்க்குப் பிறகு பேசுங்கள். மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்தத் தீவில் இதைவிட நெருக்கமான சீன – மலாய் உணவு இல்லை என்பது என் கட்சி.

மூன்று மணி வெயிலுக்குச் செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ தெருவில் எதிரெதிராக இரண்டு கடைகள். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப்பாகு, சிவப்பு பீன்ஸ், பாண்டான் இலைச்சாற்றில் பச்சையாக்கிய மாவுத் துண்டுகள். நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

மாலை ஐந்துக்குமேல் நியூ லேன், கிம்பர்லி தெரு, சூலியா தெரு, கர்னி டிரைவ் என்று தள்ளுவண்டிகள் விழித்துக்கொள்ளும். அதன் பிறகு பினாங்கு வேறு ஊர்.

சார் கொய் தியாவ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், கிளிஞ்சல் சதை, முட்டை, பயறு முளை, பூண்டுத்தாளோடு பெரும் தீயில் புரட்டியது. இதில் பார்க்க வேண்டியது சமைப்பதை. நல்ல கடையில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போடுவார். பத்துத் தட்டுக்கு ஆள் நின்றாலும் பத்து முறை தனித்தனியாக. இரும்புச்சட்டி புகையும்போது பூண்டு, உடனே இறால், பிறகு நூடுல்ஸ். கரும்புளிச்சாறு போன்ற சோயாச்சாறு சட்டியின் ஓரத்தில் விழுந்து சீறும். எல்லாவற்றையும் ஒதுக்கி நடுவில் முட்டையை உடைத்து, அது பாதி வெந்ததும் மூடிவிடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சட்டிப் புகையின் மணம் தட்டில் ஏறியிருக்கிறதா என்பதுதான் தேர்வு. ஆறிவிட்டால் போய்விடும், ஆகவே பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப்போகாதீர்கள். பன்றிக்கொழுப்பில் வதக்குவது வழக்கம். வேண்டாதவர்கள் ஹலால் கடையில் கேட்டுச் சாப்பிடலாம், அங்கும் நன்றாகவே செய்கிறார்கள்.

நாசி கண்டார் நம் சாப்பாடுதானே? அதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் காவடிபோல் சுமக்கும் கழி. துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுச் சோறும் குழம்பும் விற்றதிலிருந்து வந்த பெயர். நம் சாப்பாடுதான், ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் வீட்டில் சாம்பாரையும் மீன்குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றினால் அம்மா திட்டுவாள். அங்கே அதுதான் கலை.

கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர் சோற்றைத் தட்டில் குவித்து, கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டிப் பள்ளமாக்குவார். நீங்கள் காட்டும் கோழியோ கணவாயோ மீன் முட்டையோ அதன்மேல் வரும். பிறகு ஒவ்வொரு பாத்திரமாகப் போய்ச் சிவப்பில் ஒரு கரண்டி, மஞ்சளில் ஒரு கரண்டி, கறுத்துக் கெட்டியான ஒன்றில் அரைக் கரண்டி. 'பஞ்ஜிர்' என்று சொன்னால் வெள்ளமாக ஊற்றுவார். மலாயில் அதற்கு வெள்ளம் என்றே பொருள். நாலு குழம்பும் கலந்து ஐந்தாவதாக ஒரு சுவை வரும். அந்த ஐந்தாவதற்குத்தான் வரிசை. பக்கத்தில் வெண்டைக்காய் கட்டாயம்; 'பெண்டி' என்று கேளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. விலைப்பட்டியலைத் தேடாதீர்கள். தட்டை ஒரு பார்வை பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். பெரிய இறாலும் கணவாயும் விலையை எங்கோ கொண்டுபோய்விடும். ஒரு கடையில் ராட்சச இறாலை நான் விரலால் காட்டியது எனக்கு நினைவில்லை. பில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எடுக்கும் முன் "இது எவ்வளவு?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் பெரும்பாலும் தமிழில் வரும். அவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள்: "பன்னெண்டு வெள்ளி." காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்பார்கள். இந்த இரண்டு சொற்களையும் கேட்கும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கே ஒரு முறை போகலாம்.

அங்காடிக் கடைகளில் எப்படி ஆர்டர் செய்வது? குழப்பமாக இருக்கிறது.

காப்பிக்கடை ஒருவருடையது; உள்ளே இருக்கும் உணவு வண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. இதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்தது. முதலில் இடம் பிடித்து மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். விருப்பமான வண்டியில் சொல்லி எண்ணையும் சொன்னால் கொண்டுவந்து வைத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். பானம் மட்டும் காப்பிக்கடைக்காரரிடம். அதுதான் அவருடைய வருமானம், ஆகவே ஒன்றாவது வாங்குவது மரியாதை. தெரியாதவர் உங்கள் மேசையில் வந்து உட்காரலாம், நீங்களும் உட்காரலாம். சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள்.

தேநீர், காப்பி எல்லாவற்றிலும் டின்னில் வரும் கெட்டிப்பாலும் சர்க்கரையும் தாராளம். 'குராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு, 'கொசோங்' என்றால் அடியோடு வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மலாய் மொழியில் வேறெதையும் கற்க வேண்டாம், இதைக் கற்றுக்கொண்டால் போதும்.

ஒரு தட்டை இருவர் பங்கிடுங்கள். தட்டுகள் சிறியவை என்றாலும் ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிட்டால் அடுத்த தெருவில் வருத்தப்படுவீர்கள்.

நாங்கள் சைவம். பட்டினியா?

இல்லை. லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் மூன்று நாளும் அங்கேயே அடைந்து கிடக்காதீர்கள். சீன பௌத்தர்களின் சைவ உணவகங்கள் நகரமெங்கும் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனர்கள் சைவம் என்பதால் அன்று கூட்டம் கூடுதல். அங்கே கோழி, வாத்து என்று தட்டில் இருப்பவையெல்லாம் சோயாவிலும் காளானிலும் செய்த பொம்மைகள். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சாதாரணக் கடையில் "காய்கறிதான்" என்று சொல்லித் தருவதை மட்டும் நம்பாதீர்கள். இறால் விழுது எதில்தான் இல்லை?

ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. மலாய்க் கடைகளும் மாமாக் கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளும் எல்லாத் திக்கிலும் உண்டு. மாமாக் என்ற சொல்லே நம் மாமாதான்.

இரவு வாழ்க்கை எப்படி?

பாங்காக்கை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். லவ் லேன், சூலியா தெருப் பக்கம் முதுகுப்பை இளைஞர்களுக்கான மதுக்கடைகள், நேரடி இசை, சாலையோர மேசைகள் இருக்கின்றன. பழைய கடைவீடுகளின் பின்னே பலகையில்லாத கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும் சிறு பார்களும் உண்டு. ஆனால் பினாங்குக்காரர்களின் இரவு வாழ்க்கை சாப்பிடுவதுதான். பத்து மணிக்கு நான்கு தலைமுறையும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

அதில் நான் ஒருபோதும் தவறவிடாதது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையொட்டி இரவு பத்து மணிவாக்கில் திறக்கும் நாசி கண்டார் கடை. அதன் பெயரே 'பெராத்தூர்', அதாவது வரிசையில் நிற்பது. கடை மூடியிருக்கும்போதே ஐந்தடியில் – கடைவீடுகளின் முன்னுள்ள தாழ்வார நடைபாதையை அங்குள்ள தமிழர் அப்படிச் சொல்வார்கள் – ஆட்கள் சேரத் தொடங்குவார்கள். மதுக்கடையிலிருந்து வந்த வெளிநாட்டவர், வேலை முடிந்த தாதி, குழந்தையைத் தோளில் போட்ட அப்பா எல்லோரும் ஒரே வரிசை. ஷட்டர் ஏறும்போது வரும் மசாலா வாசத்தில் வரிசை தானாகவே அரை அடி முன்னால் நகரும்.

பத்து ஃபெரிங்கியின் இரவுச்சந்தை சாலையோரம் நீளமாகப் போகும். பொருட்கள் பெரும்பாலும் போலிக் கைக்கடிகாரமும் டி-ஷர்ட்டும். பேரம் பேசப் பிடிக்குமென்றால் போங்கள்.

மது அருந்தலாமா?

முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தடையில்லை. 2017 டிசம்பரிலிருந்து குறைந்தபட்ச வயது 21. வரி அதிகம் என்பதால் விலை கசக்கும். காப்பிக்கடையில் பீர், பார்களைவிட மலிவு.

இரவில் நடப்பது பாதுகாப்பா?

பெரும்பாலும் ஆம். மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பது மட்டும் கவலை. பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள்.

ஜார்ஜ் டவுனில் எதைப் பார்ப்பது?

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இறங்கி அமைத்த துறைமுக நகரம் இது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஒரே ஒரு தெருவில் நடக்கத்தான் நேரம் என்றால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுவத்திப் புகையில் மூழ்கிய, சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், அருகே குயின் தெருவில் வாசலுள்ள 1833இன் மகாமாரியம்மன் கோயில், 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் என்று பத்து நிமிட நடையில் நான்கு சமயங்கள். சூலியா தெருவில் நாகூர் தர்காவின் சிறு வடிவமும் உண்டு. நாகூர் பக்கத்தவர்கள் அதைப் பார்த்துச் சற்று நின்றுவிடுவார்கள்.

சுவரோவியங்களை முடிந்தால் காலை எட்டுக்குள் பாருங்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஆர்மீனியன் தெருவில் இருக்கிறார்கள். உண்மையான பழைய சைக்கிள் சுவரில் பதித்திருக்கிறது. ஒன்பது மணிக்குப் பிறகு நீங்கள் பார்ப்பது ஓவியத்தை அல்ல, அதன்முன் படம் எடுக்க நிற்கும் வரிசையை.

கூ கொங்சி என்ற குலமன்றத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கத் தயங்காதீர்கள். அந்தக் கூரைச் சிற்பங்களுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சியூ குலத்தாரின் மரத்துறையையும் பாருங்கள், ஆனால் அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். எட்டிப்பார்த்து அடுக்களையைப் படமெடுக்கும் நம்மவர்களைப் பார்த்து ஒருமுறை தலைகுனிந்தேன்.

பினாங்கு மலையும் கெக் லோக் சி கோயிலும் ஒரே நாளில் முடியுமா?

முடியும். இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம்தான்; 204ஆம் எண் பஸ் மலையடிவாரம் வரை போகும். முதலில் மலை, அதுவும் காலையில். 1920களிலிருந்து ஓடும் இழுவை ரயிலில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். பெட்டிகள் 2011இல் புதுப்பிக்கப்பட்டவை. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கும். ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், வரிசையிலேயே பாதி நாள் போகும்.

இறங்கி வந்து ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் லக்சா. பிறகு கெக் லோக் சி. 1890களில் கட்டத் தொடங்கிய பெரும் பௌத்தக் கோயில். 1930இல் முடிந்த அதன் கோபுரம் அடியில் சீனம், நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா. அதற்கும் மேலே 30 மீட்டருக்கு வெண்கலக் குவான் யின். சீனப் புத்தாண்டை ஒட்டிப் போனால் இரவில் கோயில் முழுவதும் விளக்கு.

தைப்பூசத்துக்குப் போகலாமா?

கூட்டம் பிடிக்குமானால் இதைவிட நல்ல நாள் இல்லை. நகரத்தார் வெள்ளி ரதம் லிட்டில் இந்தியாவிலிருந்து, முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையின் அடிவாரம் வரை நாள் முழுக்க ஊர்ந்து போகும். 2017இலிருந்து மலைக்கோயிலின் தங்க ரதமும் சேர்ந்தது. வழியில் சிதறுகாய் மலைபோல் குவிந்திருக்கும்; உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். மலை உச்சிக்கு 513 படிகள். அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள், மற்ற நாள் வாடகையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

டுரியான் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

ஜூன், ஜூலையில் போனால் ஆம். தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். பழம் மரத்திலிருந்து தானாக விழ வேண்டும், அன்றே உடைக்க வேண்டும். முதலில் இனிப்பு ரகம், கசப்பு ரகம் கடைசியில் என்பது அங்குள்ளோர் முறை. விடுதிக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே தடைப்பலகை இருக்கும், மீறினால் அபராதம்.

எத்தனை நாள்? எந்த மாதம்?

நான்கு நாள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். வெயில் எல்லா மாதமும் உண்டு. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அறைக்குப் போய்த் தூங்கிவிடுங்கள். இரவுக்கு அது உதவும்.

ஊருக்கு என்ன வாங்கி வருவது?

ஜாதிக்காய். நாம் கொட்டையை மட்டும்தான் மருந்துப் பெட்டியில் பார்த்திருப்போம். அங்கே வெளிச்சதையைச் சர்க்கரையில் ஊறவைத்து விற்கிறார்கள், சாறாகவும் தருகிறார்கள். வலிக்குத் தடவும் ஜாதிக்காய்த் தைலம் வீட்டுப் பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்கித் தரும். பாசிப்பருப்புப் பூரணம் வைத்த சிறு உருண்டைப் பலகாரம் தாவ் சார் பியா. வாங்கும்போது பன்றிக்கொழுப்பு இல்லாததா என்று கேளுங்கள். சூடாகக் கொடுத்தால் பெட்டியை உடனே மூடாமல் ஆறவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சென்னை வருவதற்குள் மேல்தோல் நமுத்துவிடும்.